பாலைநிலப் பள்ளத்தாக்குகளில் இரவு வான ஒளிப்படவியல்

பாலைநிலப் பள்ளத்தாக்குகளில் இரவு வான ஒளிப்படவியல் என்பது, ஊர்களிலிருந்து வெகு தொலைவில் உள்ள வறண்ட நிலங்களில் ஆறுகள் அறுத்து உண்டாக்கிய செங்குத்துப் பள்ளத்தாக்குகளையும், அவற்றின் மேலுள்ள விண்மீன் நிறைந்த வானத்தையும் ஒரே படத்தில் பதிவு செய்யும் ஒளிப்படக்கலைப் பிரிவு ஆகும். வானியல் ஒளிப்படவியலும் நிலத்தோற்ற ஒளிப்படவியலும் இதில் ஒன்று சேர்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ பீடபூமி இக்கலைக்குப் பெயர்பெற்ற இடங்களுள் ஒன்றாகும். இக்கட்டுரை அப்பீடபூமியை, குறிப்பாக யூட்டா மாநிலத்திலுள்ள நேச்சுரல் பிரிட்ஜஸ் தேசிய நினைவிடத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இக்கலையின் அடிப்படைகளையும் அதிலுள்ள ஆபத்துகளையும் விளக்குகிறது.

நிலமும் வானமும்

கொலராடோ பீடபூமி யூட்டா, அரிசோனா, கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய நான்கு மாநிலங்களில் பரவியுள்ளது. இதன் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் அமைந்துள்ளது. கொலராடோ ஆறும் அதன் துணையாறுகளும் இப்பீடபூமியின் படிவுப் பாறைகளை அறுத்து நூற்றுக்கணக்கான பள்ளத்தாக்குகளை உண்டாக்கியுள்ளன. இவற்றுள் மிகப் பெரியது கிராண்ட் கேன்யன். அதன் நீளம் சுமார் 446 கி.மீ.; ஆழம் சில இடங்களில் 1,800 மீட்டரைத் தாண்டுகிறது.

இரவு வானப் படத்திற்கு இந்நிலம் ஏற்றதாக இருப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, காற்றில் ஈரம் குறைவு. ஆகவே மேகமற்ற இரவுகள் அதிகம். இரண்டாவது, உயரம். பார்வையாளருக்கு மேலுள்ள காற்றடுக்கின் அளவு குறைவதால் விண்மீன் ஒளி குறைவாகவே சிதறுகிறது. மூன்றாவது, மக்கள் தொகை மிகவும் குறைவு. அருகில் நகரங்கள் இல்லாததால் மின்விளக்குகளின் ஒளி வானத்தைக் கறைப்படுத்துவதில்லை. இம்மூன்றில் கடைசியானதே முதன்மையானது. மற்ற இரண்டும் இயற்கை தந்தவை. இருள் மட்டும் மனிதர் காத்தால்தான் நிலைக்கும்.

நேச்சுரல் பிரிட்ஜஸ்

யூட்டாவின் தென்கிழக்குப் பகுதியில் அமைந்த நேச்சுரல் பிரிட்ஜஸ், 1908 ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று குடியரசுத் தலைவர் தியடோர் ரூசவெல்ட்டால் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. யூட்டா மாநிலத்தின் முதல் தேசிய நினைவிடம் இதுவே. இங்கு சிபாபு, கச்சினா, ஓவச்சோமோ என்னும் மூன்று இயற்கைப் பாறைப் பாலங்கள் உள்ளன. இவை ஹோப்பி பழங்குடி மக்களின் மரபிலிருந்து எடுக்கப்பட்ட பெயர்கள். மூன்றும் சிடார் மேசா எனப்படும் வெளிர்நிற மணற்கல்லால் ஆனவை. அக்கல் 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பெர்மியன் காலத்தில் படிந்தது.

பாறை வளைவுக்கும் பாறைப் பாலத்திற்கும் வேறுபாடு உண்டு. ஓடும் நீர் குடைந்து உண்டாக்குவது பாலம் எனப்படும். வளைந்து வளைந்து ஓடும் ஆறு, இரு வளைவுகளுக்கு இடையிலுள்ள மெல்லிய பாறைச் சுவரை இருபுறமும் மோதித் துளையிடும்போது பாலம் பிறக்கிறது. மூன்றில் மெலிந்தது ஓவச்சோமோ. அதன் அகலம் சுமார் 55 மீட்டர், உயரம் சுமார் 32 மீட்டர். ஆனால் நடுவில் பாறையின் தடிமன் 3 மீட்டருக்கும் குறைவு. சாலையிலிருந்து மிகக் குறைந்த நடையில் சென்றடையக்கூடியதும் இதுவே. ஆகவே பால்வழியுடன் சேர்த்து அதிகமாகப் படமெடுக்கப்படும் பாலமாக இது விளங்குகிறது. இப்பாலங்கள் நிலையானவை அல்ல. 1992 இல் கச்சினா பாலத்தின் அடியிலிருந்து சுமார் 4,000 டன் பாறை உடைந்து விழுந்தது.

2007 இல் நேச்சுரல் பிரிட்ஜஸ் உலகின் முதல் பன்னாட்டு இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா 2016 இல் தற்காலிகமாகவும், தன் விளக்குகளை மாற்றியமைத்த பின் 2019 இல் முழுமையாகவும் இத்தகுதியைப் பெற்றது.

வரலாறு

கொலராடோ ஆற்றுப் பள்ளத்தாக்குகள் முதன்முதலில் படமெடுக்கப்பட்டது 1870களின் தொடக்கத்தில் ஆகும். 1871 இல் ஜார்ஜ் வீலரின் அளவைக் குழுவுடன் திமோதி ஓ'சல்லிவன் சென்றார். அதே ஆண்டு தொடங்கிய ஜான் வெஸ்லி பவலின் இரண்டாம் பயணத்திலும் ஒளிப்படக் கலைஞர்கள் இடம்பெற்றனர். அக்காலத்தில் வழங்கிய ஈரத்தட்டு முறையில், கண்ணாடித் தட்டின் மீது பூசிய கலவை காய்வதற்குள், அதாவது சில நிமிடங்களுக்குள், படமெடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். இருட்டறைக் கூடாரம், வேதிப்பொருள்கள், கண்ணாடித் தட்டுகள் ஆகிய எல்லாவற்றையும் படகில் ஏற்றிச் சென்றனர். மங்கலான விண்மீன்களைப் பிடிக்க நீண்ட நேரம் வேண்டும். தட்டோ விரைவில் காய்ந்துவிடும். ஆகவே பகல் காட்சிகளே அவர்களுக்குக் கிட்டின.

விண்மீன் ஒன்றின் முதல் படம் 1850 இல் ஆர்வர்டு வான்காணகத்தில் எடுக்கப்பட்டது; அந்த விண்மீன் வேகா. காயவைத்துப் பயன்படுத்தும் உலர்தட்டு வந்த பிறகே மங்கலான வான்பொருள்கள் எளிதில் படத்தில் சிக்கின. 1880 இல் ஹென்றி டிரேப்பர் ஓரியன் ஒண்முகிலைப் படமெடுத்தார். நிலத்தையும் பால்வழியையும் முக்காலியில் நிற்கும் சாதாரணக் கருவியால் ஒரே படத்தில் தெளிவாக எடுக்கும் வழக்கம், உணர்திறன் மிக்க எண்ணிமக் கருவிகள் வந்த பின்னரே பரவியது.

எப்போது எடுப்பது

பால்வழியின் மிகவும் ஒளிமிக்க பகுதி அதன் மையமாகும். அது தனுசு விண்மீன் குழுவின் திசையில் உள்ளது. வான நடுக்கோட்டிற்குத் தெற்கே சுமார் 29 பாகையில் அமைந்திருப்பதால், வடக்கே செல்லச் செல்ல அது தாழ்ந்து தெரியும். நேச்சுரல் பிரிட்ஜஸின் அகலாங்கு 37.6 பாகை வடக்கு. அங்கு பால்வழி மையம் எட்டக்கூடிய அதிகபட்ச உயரம்:

90 − 37.6 − 29 = 23.4 பாகை

விண்மீன்கள் நாள்தோறும் சுமார் 4 நிமிடம் முன்னதாகவே உதிக்கின்றன. ஒரு மாதத்திற்கு இது 2 மணி நேரமாகிறது. ஏப்ரல் பிற்பகுதியில் இம்மையம் விடியற்காலை 5 மணியளவில் தெற்கே உச்சம் அடையும். ஜூன் மூன்றாம் வாரத்தில் நள்ளிரவுக்குப் பின் 1 மணியளவில் உச்சம் அடையும். செப்டம்பர் இறுதியில் இருட்டிய உடனே தென்மேற்கில் சாய்ந்திருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை அதைக் காண இயலாது.

சூரியன் தொடுவானத்திற்குக் கீழே 18 பாகை இறங்கிய பிறகே வானம் முழுமையாக இருளும். ஜூன் மாதத்தில் இங்கு அத்தகைய முழு இருள் ஏறத்தாழ 5½ மணி நேரமே நீடிக்கும். பால்வழி மிக நன்றாக அமையும் மாதத்தில்தான் இரவு மிகக் குறுகியது என்பதால், நேரத்தைத் திட்டமிடுவது இன்றியமையாதது.

பள்ளத்தாக்கின் சுவர்

திறந்த வெளியில் 23 பாகை உயரம் போதுமானது. பள்ளத்தாக்கின் அடியில் அது போதாமல் போகலாம். 60 மீட்டர் உயரமுள்ள தெற்குச் சுவரிலிருந்து 100 மீட்டர் தள்ளி ஒருவர் நிற்பதாகக் கொள்வோம். சுவரின் உச்சி அவருக்கு ஏறத்தாழ 31 பாகை உயரத்தில் தெரியும். பால்வழி மையம் 23 பாகைக்கு மேல் வராததால், அன்றிரவு முழுவதும் காத்திருந்தாலும் அது சுவருக்குப் பின்னாலேயே கடந்து போகும். அதே சுவரிலிருந்து சுமார் 140 மீட்டர் பின்வாங்கினால் மையம் சுவரின் விளிம்பைத் தொட்டபடி தெரியும்.

பள்ளி முக்கோணவியலில் படித்த டேன்ஜென்ட் விகிதமே இக்கணக்கிற்குப் போதும். சுவரின் உயரத்தை, வேண்டிய கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பால் வகுத்தால் நிற்க வேண்டிய தொலைவு கிடைக்கும். பகலிலேயே இடத்தைப் பார்வையிட்டு, திசைகாட்டியாலும் கோணமானியாலும் சுவரின் திசையையும் கோணத்தையும் அளந்து வைப்பது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

வடக்கு நோக்கித் திறந்த பள்ளத்தாக்கில் வேறு வகைப் படம் கிடைக்கும். துருவ விண்மீனின் உயரம் ஓரிடத்தின் அகலாங்கிற்கு ஏறத்தாழச் சமம். நேச்சுரல் பிரிட்ஜஸில் அது சுமார் 37½ பாகை. அதைச் சுற்றி மற்ற விண்மீன்கள் மணிக்கு 15 பாகை வீதம் சுழல்கின்றன. ஒரே இடத்தில் கருவியை நிறுத்தி, தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்து இணைத்தால் வட்ட வடிவ விண்மீன் தடங்கள் உருவாகும்.

நிலவின் பங்கு

நிலவு இருந்தால் பால்வழி மங்கும். நிலவு இல்லாவிட்டால் பாறை கருநிழலாக மட்டுமே பதியும். பலரும் அமாவாசையை ஒட்டிய நாள்களைத் தேர்ந்தெடுப்பர். சிலர் மெல்லிய பிறை நிலவின் ஒளியில் பாறையின் நிறமும் வானமும் சேர்ந்து கிடைக்கும் நேரத்தை நாடுவர்.

முழுநிலவு நாளில் மற்றொரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். முழுநிலவு சூரியனுக்கு எதிர்ப்புறம் இருக்கும். ஆகவே கோடையில் சூரியன் உயரமாகச் செல்லும்போது முழுநிலவு தாழ்வாகச் செல்லும். குளிர்காலத்தில் உயரமாகச் செல்லும். இப்பகுதியில் ஜூன் மாத முழுநிலவு ஏறத்தாழ 29 பாகை உயரத்தைத்தான் எட்டுகிறது. டிசம்பரில் சுமார் 76 பாகை வரை ஏறுகிறது. ஆண்டுக்கு ஆண்டு இது 5 பாகை அளவு கூடவோ குறையவோ செய்யும். இதனால் குறுகிய பள்ளத்தாக்கின் தரை வரை நிலவொளி இறங்குவது பெரும்பாலும் குளிர்காலத்தில்தான்.

கருவியும் அமைப்புகளும்

உறுதியான முக்காலி, கைமுறையாக அமைக்கக்கூடிய ஒளிப்படக்கருவி, அகலக்கோண வில்லை ஆகிய மூன்றும் அடிப்படைத் தேவைகள். தொடாமலே படமெடுக்க உதவும் தொலையியக்கி இல்லாவிட்டால், கருவியிலுள்ள 2 நொடி தாமத வசதியைப் பயன்படுத்தலாம்.

வில்லைத் துளை: துளை எண் குறையக் குறைய ஒளி அதிகம் நுழையும். எஃப்/4 இலிருந்து எஃப்/2.8 க்கு மாறினால் ஒளி இரு மடங்காகும், எஃப்/1.4 க்கு மாறினால் எட்டு மடங்காகும்.

ஒளியேற்பு நேரம்: புவி சுழல்வதால் நீண்ட நேரம் திறந்து வைத்தால் விண்மீன்கள் கோடுகளாக நீளும். 500 ஐ வில்லையின் குவியத் தொலைவால் வகுத்துக் கிடைக்கும் நொடிகளே எல்லை என்பது பழைய விதி. 20 மி.மீ. வில்லைக்கு இது 25 நொடி. இன்றைய கருவிகளுக்கு இவ்விதி சற்றுத் தாராளமானது. வான நடுக்கோட்டிலுள்ள விண்மீன் நொடிக்கு 15 வில்நொடி நகர்கிறது. 25 நொடியில் 375 வில்நொடி நகரும். 20 மி.மீ. வில்லை இதனை உணரியின் மீது 0.036 மி.மீ. நீளக் கோடாகப் பதிக்கும். 36 மி.மீ. அகலத்தில் 6,000 பிக்சல்கள் கொண்ட உணரியில் ஒரு பிக்சல் 0.006 மி.மீ. ஆகும். எனவே விண்மீன் 6 பிக்சல் நீளத்திற்கு இழுபடும். 10 நொடி மட்டும் எடுத்தால் இது இரண்டரைப் பிக்சலுக்குள் அடங்கும். துருவ விண்மீனை நெருங்க நெருங்க இழுபடுவது குறையும்.

ஐ.எஸ்.ஓ.: இருண்ட வானத்தில் 3200 முதல் 6400 வரை வைப்பது வழக்கம். இதனால் படத்தில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் தோன்றும். ஒரே காட்சியைப் பல முறை எடுத்து, விண்மீன்களைப் பொருத்திச் சராசரி கண்டால் இரைச்சல் குறையும். குறையும் அளவு படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 16 படங்களைச் சேர்த்தால் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகும்.

குவியப்படுத்தல்: இருளில் தானியங்கிக் குவியம் தடுமாறும். ஒளிமிக்க விண்மீன் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச்சிறிய புள்ளியாகத் தெரியும்வரை கைமுறையாகச் சரிசெய்ய வேண்டும். வில்லையிலுள்ள முடிவிலிக் குறியை மட்டும் நம்புவது சரியாகாது.

கோப்பு வடிவம்: ரா வடிவில் சேமித்தால் பின்னர் நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்த இடமிருக்கும்.

சில படங்களில் வானம் பச்சையாகத் தெரிவது கருவியின் குறை என்று எண்ணப்படுவதுண்டு. இது வளிமண்டலத்தின் உயர்ந்த அடுக்கிலுள்ள ஆக்சிசன் அணுக்கள் இரவில் வெளியிடும் மெல்லிய ஒளியாக இருக்கலாம். இதற்கு வான்மிளிர்வு என்று பெயர்.

நிலத்தைத் தனியாகவும் வானத்தைத் தனியாகவும் எடுத்து இணைப்பது பரவலான முறையாகும். முக்காலியை அசைக்காமல், அந்தி ஒளியில் பாறையையும் இருட்டிய பின் வானத்தையும் எடுப்பர். படத்துடன் இச்செய்தியைக் குறிப்பிடுவது நேர்மையான வழக்கம். வேறிடத்து வானத்தை வேறிடத்து நிலத்தின் மேல் ஒட்டுவது ஆவணம் என்ற தகுதியைப் படத்திலிருந்து நீக்கிவிடுகிறது.

ஆபத்துகள்

திடீர் வெள்ளம்: பாலைநிலப் பள்ளத்தாக்கில் மிகப் பெரிய ஆபத்து தண்ணீரே. வெற்றுப் பாறையும் இறுகிய மண்ணும் மழைநீரை உறிஞ்சுவதில்லை. பரந்த நிலத்தில் பெய்யும் மழை முழுவதும் ஒரே குறுகிய பிளவுக்குள் பாய்கிறது. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் வந்த திடீர் வெள்ளத்தில் சுற்றுலா வந்த 11 பேர் உயிரிழந்தனர். அன்று பெருமழை பெய்தது பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள மேட்டு நிலத்தில். தலைக்கு மேல் வானம் தெளிந்திருப்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. அப்பள்ளத்தாக்கு நவஹோ மக்களின் நிலம். இன்று வழிகாட்டியின்றி எவரும் அதனுள் நுழைய முடியாது.

இப்பகுதியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை இடிமழைக் காலமாகும். மாலையில் பால்வழி நன்கு தெரியும் காலமும் இதுவே. ஆகவே நீர்பிடிப்புப் பகுதி முழுவதற்குமான வானிலை அறிக்கையைப் பார்த்த பிறகே இறங்க வேண்டும். தொலைவில் மின்னல் தெரிந்தாலோ, ஓடைநீர் கலங்கினாலோ, இரைச்சல் கேட்டாலோ கருவியை விட்டுவிட்டு மேட்டிற்கு ஏறிவிட வேண்டும். வறண்ட ஓடைப் படுகையில் கூடாரம் அமைத்து உறங்கக் கூடாது.

விளிம்பும் இருளும்: இருளுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். வெள்ளை ஒளி ஒரு நொடி பட்டாலும் இப்பழக்கம் கெடும். சிவப்பு நிறத் தலைவிளக்கு இதைப் பெரிதும் தவிர்க்கும். கருவியின் திரையைப் பார்த்தபடி பின்னோக்கி நடப்பது விளிம்பு அருகே உயிருக்கு ஆபத்தானது. நிற்கும் இடத்தைப் பகலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

வெப்பமும் குளிரும்: ஈரமற்ற காற்று பகல் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில்லை. பகலில் கொளுத்தும் பாறை, இரவில் குளிர்ந்துவிடும். குளிரில் மின்கலம் விரைவில் தீரும். உபரி மின்கலங்களை உடையின் உட்பையில் வைப்பது வழக்கம். கைப்பேசி அலைவரிசை கிடைக்காத இடங்கள் ஆதலால், செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதும், போதிய குடிநீர் கொண்டு செல்வதும் கட்டாயம்.

நிலத்திற்கு நேரும் தீங்கு

இப்பீடபூமியின் மண்ணில் கறுத்து மேடுபள்ளமாகத் தெரியும் மேலோடு உயிருள்ளது. நீலப்பசும் பாக்டீரியா, பாசி, லைக்கன் ஆகியவை மண் துகள்களைப் பிணைத்து இதை உருவாக்குகின்றன. காற்றாலும் நீராலும் மண் அரிக்கப்படாமல் இது காக்கிறது. ஒரு காலடி நசுக்கிய மேலோடு பழைய நிலையை அடையப் பல பத்தாண்டுகள் ஆகலாம். இருளில் இது கண்ணுக்குத் தெரியாது என்பதால், பாதையிலும் பாறையிலும் மட்டுமே நடக்க வேண்டும்.

பாறையின் மீது மின்விளக்கை வீசி ஒளியூட்டிப் படமெடுக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. இது மற்றவர்களின் இரவையும் விலங்குகளின் இயல்பான நடமாட்டத்தையும் குலைக்கிறது. யூட்டாவின் ஆர்ச்சஸ், கேன்யன்லாந்து ஆகிய தேசியப் பூங்காக்களில் இது தடைசெய்யப்பட்டுள்ளது. நடப்பதற்கு மட்டும் விளக்கைப் பயன்படுத்தலாம். இடத்திற்கு இடம் விதிகள் மாறுவதால், செல்லுமுன் அவற்றைப் படித்தறிவது நல்லது. பழங்குடி மக்களின் பழைய குடியிருப்புகளும் பாறை ஓவியங்களும் உள்ள இடங்களில், அவற்றைத் தொடுவதும் அவற்றின் மேல் ஏறுவதும் கூடாது.

இருளைக் காத்தல்

வானத்தின் இருளை அளக்க, ஜான் போர்ட்டில் 2001 இல் ஒன்பது படிகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். படி 1 இல் பால்வழியின் ஒளியால் நிழல் விழும். படி 9 இல், அதாவது பெருநகர நடுவில், ஒளிமிக்க சில விண்மீன்கள் மட்டுமே தெரியும். 2016 இல் வெளியான செயற்கை வானொளி உலக வரைபடத்தின்படி, உலக மக்களில் 80 விழுக்காட்டிற்கும் மேலானோர் ஒளிமாசு படிந்த வானத்தின் கீழ் வாழ்கின்றனர். மூன்றில் ஒரு பங்கினர் தம் வீட்டிலிருந்து பால்வழியைக் காண இயலாது.

இதைத் தடுக்கும் வழிகள் எளியவை. விளக்கின் ஒளி மேலே செல்லாமல் மூடியமைத்தல், தேவையான அளவு ஒளியை மட்டும் பயன்படுத்துதல், நீல ஒளி குறைந்த விளக்குகளைத் தேர்ந்தெடுத்தல், தேவையற்றபோது அணைத்தல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. அரிசோனாவின் பிளாக்ஸ்டாப் நகரம் 1958 இலேயே விளம்பரத் தேடொளி விளக்குகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. புளூட்டோ 1930 இல் கண்டுபிடிக்கப்பட்டது அந்நகரிலுள்ள லோவெல் வான்காணகத்தில்தான். 2001 இல் அந்நகரம் உலகின் முதல் பன்னாட்டு இருள்வான நகரமாக அறிவிக்கப்பட்டது.

மாசுபட்ட காற்றும் நீரும் தூய்மையடையக் காலம் பிடிக்கும். ஒளிமாசு அப்படியன்று, விளக்கு அணைந்த நொடியே அதன் ஒளி வானத்திலிருந்து நீங்கிவிடும்.